ஏரிப் பக்கம் இழுத்த பிரேக்

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பஸ் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று, வேலையை விட்டுப் போனவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு மாலை போட்டுப் பேசச் சொல்வது வழக்கம். இந்த வருஷம் என் முறை. எழுந்து நின்றேன். வணக்கம் சொன்னேன். பொரிகடலை நன்றாக இருக்கிறது என்றேன். உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போது ஒரு டிரைவர், "பேச வராட்டி எழுதியாவது குடுங்கண்ணே. நீங்க பாத்ததுலயே ரொம்பப் படுத்துன பிரேக் எதுன்னு எழுதுங்க" என்றார். ஷெட்டில் இருந்த மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இப்போது வந்திருக்கும் புது வண்டிகளில் பிரேக் இடைவெளி தானாகவே சரியாகிக்கொள்கிறதாம். ஸ்பானர் போட்டு முறுக்கும் வேலை இல்லை. அதனால் பழைய சங்கதியைக் கேட்க ஒரு ஆசை வந்திருக்கலாம். ஆகவே எழுதுகிறேன். பேசுவதைவிட இது எவ்வளவோ மேல். யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் ஆரம்பம் சின்னது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கொஞ்ச நாள் சைக்கிள் கடை. பிறகு கடலூர் ஓல்டு டவுனில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப். சிப்காட் தொழிற்பேட்டைக்கு லோடு அடிக்கும் லாரிகளின் அடியிலேயே என் வாலிபம் கழிந்தது. கடல் காற்றில் எந்த இரும்பும் அங்கே தப்பாது. ராத்திரி நின்ற லாரியின் டிரம் காலையில் செம்பு நிறமாக இருக்கும். 2004-இல் இந்த பஸ் கம்பெனியின் சிதம்பரம் ஷெட்டுக்கு பிரேக் வேலைக்கு வந்தேன். 2012 தொடக்கத்தில் முழங்கால் மடங்க மறுத்தபோது விட்டேன். நடுவில் பார்த்த வேலை எனக்குப் பிடித்த வேலை. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனை யாரும் பேச்சுக்கு இழுப்பதில்லை.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு கனத்த இரும்புக் குண்டான் இருக்கிறதே, அதுதான் டிரம். அதற்குள் சுற்றாமல் நிற்கும் இரண்டு அரைவட்ட இரும்புகள், ஷூ. ஷூவின் முதுகில் லைனர் என்ற தடித்த பட்டையை ரிவிட் அடித்து வைத்திருக்கும். டிரைவர் பெடலை மிதித்தால் டாங்கியில் அடைத்து வைத்த காற்று பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளும். தண்டு, கேம் என்ற ஒரு வளைந்த இரும்பைத் திருப்பும். கேம் திரும்பினால் இரண்டு ஷூவும் விரிந்து லைனர் டிரம்மின் உள்சுவரில் போய் அழுந்தும். சுற்றுகிற பானைக்குள் கையை விட்டு, விரலை விரித்துப் பானையை நிறுத்துவது போல. காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூக்களைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான். இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். அதனால்தான் ஒரு பக்க லைனர் தேய்ந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுவோம்.

லைனர் மாற்றும்போது ரிவிட்டை ஓரத்திலிருந்து அடிக்கக் கூடாது. நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போக வேண்டும். அப்போதுதான் பட்டை ஷூவின் வளைவோடு ஒட்டி உட்காரும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். அங்கே சூடேறி ஒருநாள் பிளக்கும். ரிவிட்டின் தலை லைனருக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். லைனர் தேய்ந்து ரிவிட் வெளியே தலை காட்டினால் அது டிரம்மை உழ ஆரம்பிக்கும். புது லைனரின் இரண்டு முனையையும் அரத்தால் கொஞ்சம் சரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊரெல்லாம் கத்திக்கொண்டு போகும். டிரம்மைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது கணீரென்னும். விரிசல் விழுந்தது பொத்தென்னும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு, சக்கரம் சுற்றாத அளவுக்கு முறுக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கையால் சுற்றினால் 'சர்' என்று பட்டும் படாமலும் ஒரு சத்தம் வருமே, அங்கே நிறுத்த வேண்டும். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

எங்கள் போர்மேன் பீட்டர் சார் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். டிப்ளமோ படித்தவர். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை வேலு அண்ணே என்பார். அவரைப் போல ஒரு மேலதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சத்தம் போட மாட்டார். வேலை முடிந்தது என்று சொன்னால் வந்து, பேன்ட் அழுக்காவதைப் பார்க்காமல் மண்டி போட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார். லைனரில் விரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்ப்பார். எரிந்த லைனருக்கு ஒரு வாசனை, கிரீஸ் பட்டதற்கு ஒரு வாசனை, தண்ணீர் குடித்ததற்கு ஒரு வாசனை. ஏதாவது அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவார். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அதற்கு 'இங்கே இன்னொரு தடவை பாரு' என்று அர்த்தம். என்ன தப்பு என்று கேட்டால், "எனக்கும் தெரியலண்ணே, அதான் வட்டம்" என்பார். உண்மையாகவே தெரியாமல்தான் சில சமயம் போடுவார். வேலை சரியானால் வந்து தன் உள்ளங்கையால் அந்த வட்டத்தை அழிப்பார். பாராட்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது. அந்த அழிப்புதான். அதற்காகவே நான் சில நாள் டீ குடிக்கப் போகாமல் காத்திருந்திருக்கிறேன்.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன்.

2008 என்று நினைக்கிறேன். முதலாளி வெளியூரிலிருந்து ஒரு பழைய பஸ்ஸை வாங்கிவந்து பெயின்ட் அடித்து ரூட்டில் விட்டார். சிதம்பரத்தில் கிளம்பி, புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக வீராணம் ஏரிக்கரை ரோட்டைப் பிடித்து, காட்டுமன்னார்கோயில் தாண்டி ஒரு கிராமத்தில் போய் முடியும் ரூட். அதற்கு டிரைவர் கலியபெருமாள். ஐம்பதைத் தாண்டியவர். பெரிய மீசை, பெரிய குரல். உறவு முறை எதுவும் கிடையாது, இருந்தாலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. வாலிபத்திலிருந்தே அந்தப் பக்கம்தான் ஓட்டியவர். சேத்தியாத்தோப்பில் வெற்றிலைக் கடைக்காரர் முதல் காட்டுமன்னார்கோயிலில் நெல் மில்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஓட்டுகிற பஸ் என்றால் கலியபெருமாள் வண்டிதான். கம்பெனிப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

பங்குனி மாசம் ஒருநாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மச்சான், பிரேக் அடிச்சா வலது பக்கம் இழுக்குது, பாரு" என்றார். வலது பக்கம் இழுக்கிறது என்றால் இடது பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இடது முன் சக்கரத்தைக் கழற்றினேன். லைனர் பளபளவென்று கிரீஸ் குடித்திருந்தது. கிரீஸ் பட்ட லைனர் டிரம்மைப் பிடிக்காது, வழுக்கும்.

அந்தக் கிரீஸ் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சக்கரத்தின் நடுவில் ஹப். ஹப்புக்குள் பேரிங்குகள். அவை காயாமல் இருக்கக் கிரீஸ். அந்தக் கிரீஸ் பிரேக் பக்கம் வராமல் தடுக்க ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம். அந்த ரப்பரின் உதடு கிழிந்திருந்தது. பழைய வண்டி, பழைய சீல் என்று நினைத்தேன். உள்ளே எல்லா ஹப்பிலும் இருப்பது போலக் கறுப்பாக, கெட்டியாக அழுக்கு அப்பியிருந்தது. வழித்து எறிந்து டீசலில் கழுவினேன். புது சீல், இரண்டு பக்கமும் புது லைனர். பீட்டர் சார் வந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. வட்டமும் போடவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். கலியபெருமாள் திரும்ப வந்தார். அதே இழுப்பு. அதே சக்கரம். புது சீல் கிழிந்திருந்தது. பீட்டர் சார் மோந்து பார்த்தார். டிரம்மின் வெளிப்பக்கத்தில் சாக்பீஸ் வட்டம் விழுந்தது.

சீல் வாங்கிய கடையை மாற்றினோம். பேரிங்கை மாற்றினோம். சீல் உட்காரும் இடத்தை விரலால் தடவி, நூல் துணியால் தடவி, பிசிறு எதுவும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டோம். அப்புறம் பீட்டர் சார் ஒரு யோசனை செய்து அந்த வண்டியை அடுத்த வாரம் தட்சிணாமூர்த்தி என்ற வேறொரு டிரைவருக்குக் கொடுத்தார். அதே ரூட், அதே நேரம். வாரம் முழுக்க ஓட்டினார். வண்டி நூல் பிடித்தது போல நின்றது. கழற்றிப் பார்த்தால் லைனர் காய்ந்த தேங்காய் ஓடு மாதிரி சுத்தமாக இருந்தது. திரும்பக் கலியபெருமாளிடம் கொடுத்தோம்.

அந்த வாரம்தான் அது நடந்தது. ஏரிக்கரையில் தெற்கே போகும்போது வலது கைப் பக்கம் ஏரி. ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியிருக்கிறது. கலியபெருமாள் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி ஒரே வெட்டாக வலது பக்கம் திரும்பிக் கரையோரக் கல்லில் முன் சக்கரம் முட்டி நின்றிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்குக் கீழே தண்ணீர்தான் தெரிந்ததாம். யாருக்கும் அடி இல்லை. ஒரு அம்மாவின் மடியிலிருந்த தயிர் தூக்கு கவிழ்ந்ததுதான் சேதம். ஆனால் பஸ்ஸில் இருந்தவர்கள் சும்மா விடுவார்களா. விஷயம் முதலாளி வரை போனது.

முதலாளி சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர்தான். அவர் சொன்ன கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. தட்சிணாமூர்த்தி ஓட்டினால் வராத கோளாறு கலியபெருமாள் ஓட்டினால் வருகிறது. அப்படியென்றால் கோளாறு வண்டியில் இல்லை. வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை, அதனால் பயந்து பயந்து பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். சூட்டில் கிரீஸ் உருகி வழிகிறது. இதுதான் அவர் சொன்னது. வாரக் கடைசியோடு கலியபெருமாளை வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் டீசல் அடிக்கப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

கலியபெருமாள் முதலாளி முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போகும்போது, "கண்ணு போச்சாம் மச்சான்" என்றார். "அரை மைல் தள்ளி கைய நீட்டுற கெழவிய இன்னாருன்னு சொல்லுவேன். எனக்குக் கண்ணு போச்சாம்."

அவர் போன பிறகு பீட்டர் சார் அந்த டிரம்முக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகு நேரம் தன் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலு அண்ணே, கால வச்சிக்கினே ஓட்டுனா சூடாவும், சரி. அப்ப வலது சக்கரத்துலயும் வழியணும்ல? இடதுல மட்டும் எப்படி?"

நான் தலையாட்டினேன்.

"லைனர மட்டும் இப்பவே மாத்திடுங்க, நாளைக்கு ஒரு நாள் தாங்கும். நீங்களும் நாளைக்கு அந்த வண்டில போயிட்டு வாங்க. கடைசி வரைக்கும். ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா பாருங்க."

சும்மா பார்ப்பது எனக்குக் கை வந்த வேலை. மறுநாள் காலை வண்டியில் ஏறி, டிரைவர் காலைப் பார்க்கும்படி முன் சீட்டில் உட்கார்ந்தேன். கலியபெருமாளுக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரியும். காட்டிக்கொள்ளவில்லை. பூ கட்டுகிறவர்கள் கை போல அவர் கால் பெடலில் பட்டுப் பட்டு விலகியது. தேவையில்லாமல் ஒருமுறைகூட பிரேக்கைத் தொடவில்லை. ஏரிக்கரையில் வேகத்தைக் குறைத்து கியரிலேயே ஓட்டினார். கண்ணும் சரி, காலும் சரி. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது.

காட்டுமன்னார்கோயில் தாண்டியதும் ரோட்டின் இடது பாதி முழுக்க உளுந்துச் செடி. நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டு எடுக்கும் சமயம் அது. பிடுங்கிய செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும். அந்தப் பக்கம் எல்லா ஊரிலும் அப்படித்தான். மற்ற வண்டிகள் முடிந்தவரை ஒதுங்கிப் போயின. நாங்களும் ஒதுங்கித்தான் போனோம், கடைசி ஊர் வரைக்கும்.

கடைசி ஊரில் ஜனம் இறங்கியது. கண்டக்டர் டீக்கடைக்குப் போனார். எனக்குக் கண் சொருகியது. பின்னால் ஒரு காலி சீட்டில் போய்ச் சாய்ந்திருந்தேன். நானும் இறங்கிவிட்டேன் என்று கலியபெருமாள் நினைத்திருக்க வேண்டும். வண்டியைத் திருப்புவதற்காகக் கிளப்பினார். வண்டி திரும்பியது. பிறகு பின்னால் போனது. பிறகு முன்னால் வந்தது. பிறகு மறுபடியும் பின்னால் போனது. என்னடா இது, பஸ் திருப்ப இவ்வளவு இடம் இருக்கிறதே என்று தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வண்டி உளுந்துச் செடியின் மேல் நின்றது. இரண்டு மூன்று பெண்கள் கையில் கம்பு வைத்துக்கொண்டு செடியை இடது சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கலியபெருமாளின் மச்சினி என்று பிறகு தெரிந்தது. அது அவருடைய மாமனார் ஊர்.

"மாமா, இன்னொரு தபா. ஸ்டியரிங்க நல்லா ஒடிச்சுத் திருப்பு. அப்பதான் கசங்கும்."

"போதும் புள்ள, நேரமாவுது."

"போன வாரம் ஒரு தாடிக்கார டிரைவர் வந்தாரு. ஒரு செடியக்கூட மிதிக்கல. கோலம் போட்ட வாசல்ல நடக்குற மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போயிட்டாரு. நீ எங்க அக்காளக் கட்டுனவன், உனக்கு என்ன வந்துச்சு?"

கலியபெருமாள் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். சக்கரம் நின்ற இடத்திலேயே முறுகித் திரும்பியது. செடி கசங்கும் சத்தம் கேட்டது. தாடிக்காரர் என்றால் தட்சிணாமூர்த்தி.

நான் எழுந்து, "நிறுத்து" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு மறக்காது. பள்ளிக்கூடத்தில் மாங்காய் தின்று மாட்டிக்கொண்ட முகம்.

நான் இறங்கி அங்கேயே, உளுந்துச் செடி மேலேயே படுத்து வண்டிக்கு அடியில் போனேன். பிரேக்குக்குப் பின்னால் எல்லா பஸ்ஸிலும் ஒரு தகட்டு மூடி இருக்கும். கல், சேறு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அது. இந்த வண்டியில் அது இல்லை; பழைய வண்டிதானே என்று நாங்களும் அதைக் கண்டுகொள்ளவில்லை. வாங்கும்போதே இல்லை, துருப்பிடித்து விழுந்ததோ, யாராவது கழற்றிப் போட்டார்களோ. அந்தத் திறந்த இடம் வழியாகக் கையை விட்டு ஹப்புக்குப் பின்பக்கம் தடவினேன். விரலில் நார் தட்டுப்பட்டது. இழுத்தேன். பச்சையும் காய்ந்ததுமாக உளுந்துத் தண்டு, கயிறு திரித்தது போல அச்சைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அந்த நார்தான் சீலின் உதட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டிருந்தது. நான் ஷெட்டில் அழுக்கு என்று வழித்து எறிந்ததும் இதுதான். கிரீஸில் ஊறி, தூசி அப்பி, கருகிப் போனால் அது செடி என்று யாருக்குத் தெரியும்.

நாரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கலியபெருமாள் அதைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். அவர்கள் கம்பை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றார்கள்.

"இதனாலயா?" என்றார்.

"ஆமா."

கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். கம்பெனி வண்டியை வைத்து மாமனார் வீட்டு உளுந்தை அடித்தார் என்று தெரிந்தால் முதலாளி டீசல் அடிக்கக்கூட வைத்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கே அனுப்பிவிடலாம். சொல்லாமல் விட்டால் கண் தெரியாதவன் என்ற பேரோடு வண்டியை விட்டு இறங்க வேண்டும். இரண்டும் அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் எனக்குத் தோன்றியது. ஆனால் அடுத்து அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கும் வலது பக்கம் ஏரிதானே.

அவரே சொன்னார்: "நானே சொல்றேன் மச்சான். கண்ணு போனவன்னு இருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாம். நீ பக்கத்துல மட்டும் நில்லு."

நின்றேன். அன்று சாயங்காலம் ஷெட்டில் பீட்டர் சார் மேசையில் ஒரு பழைய பேப்பரை விரித்து நாரை வைத்தோம். அவர் அதை மோந்து பார்த்தார். எரிந்த லைனரையே மோந்து பழகிய மூக்குக்கு இது புதுசு. கலியபெருமாள் எதையும் மறைக்காமல், மச்சினி சொன்னது உட்பட, முதலாளியிடம் சொல்லி முடித்தார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். புத்தியில்ல போயிருக்கு."

பீட்டர் சார்தான் மெதுவாக ஆரம்பித்தார். தகடு இருந்திருந்தால் செடி உள்ளே ஏறியிருக்காது என்றார். தகடு இல்லாமல் வந்த வண்டிக்குத் தகடு போட்டு ரூட்டில் விட்டிருக்க வேண்டியது ஷெட்டின் வேலை, அது தன் பொறுப்பு என்றார். அவர் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொன்னார்.

முதலாளி அவரைப் பார்த்தார், கலியபெருமாளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"வேலு, பிரேக் பாக்குறவன் நீ. அவன்கூடப் போய்ப் பாத்ததும் நீ. நீ சொல்லு. இவன் கையில திரும்ப வண்டியக் குடுக்கலாமா?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கலியபெருமாள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் சின்னதாகத் தெரிந்தார்.

"குடுக்கலாங்க," என்றேன். "தகடு போட்டுக் குடுங்க. மொத ட்ரிப்புல ஏரிப் பக்க சீட்டுல நான் உக்காந்து போறேன்."

என் வாழ்க்கையில் ஒரு முதலாளியிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான். முதலாளி எழுந்தார். வாசல் வரை போனவர் நின்று, "உளுந்து நல்லா ஒடஞ்சுதாய்யா?" என்று கேட்டார். கலியபெருமாள், "நல்லா ஒடஞ்சுதுங்க" என்றார். "மாமனார் ஊட்டு உளுந்த மிதிக்க மாடு வாங்கிக் குடு. பஸ்ஸ விட்டுடு," என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி அவருக்குத்தான் என்று புரிந்து எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரு பழைய எண்ணெய் பேரலை வெட்டி இரண்டு பக்கமும் தகடு செய்தேன். ஹப்பைச் சுற்றிப் பொருந்தும்படி ஓரத்தை மடித்து, லைனரைப் பார்க்க ஒரு சின்னத் துவாரமும் விட்டேன். புது சீல், புது லைனர். ரிவிட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கையால் சுற்றி அந்தச் 'சர்' சத்தம் வந்த இடத்தில் நிறுத்தினேன். பீட்டர் சார் மண்டி போட்டுப் பார்த்தார். வட்டத்தை அழிக்கவில்லை.

ஷெட்டுக்கு வெளியே நேர் ரோட்டில் காலி வண்டியைக் கொண்டுபோய், வேகமெடுத்து, ஸ்டியரிங்கைக் கையால் பிடிக்காமல் பிரேக் போடச் சொன்னார். கலியபெருமாள் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து லேசாகத் தூக்கிவிட்டு மிதித்தார். வண்டி எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. இறங்கிப் பார்த்தால் ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடு, ஒரே நீளம். பீட்டர் சார் அந்தக் கோடுகளை அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தார். பிறகு வந்து இடது டிரம்மில் இருந்த வட்டத்தை உள்ளங்கையால் அழித்தார். பல வாரம் இருந்த வட்டம். கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் ட்ரிப்பில் சொன்னபடி ஏரிப் பக்க சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி நிறைய ஜனம். ஏரிக்கரையில் அந்தக் கல் இருந்த இடம் வந்தது. கலியபெருமாள் பிரேக் போட்டார். வண்டி நேராக நின்றது. வலது பக்கம் ஏரி அதன்பாட்டுக்குக் கிடந்தது. பின்னாலிருந்து ஒருவர், "ஏம்ப்பா, ஏற ஆளும் இல்ல, எறங்க ஆளும் இல்ல, எதுக்கு நிறுத்துன?" என்றார்.

"ஏரியப் பாத்து ரொம்ப நாளாச்சு, பெரியவரே," என்றார் கலியபெருமாள்.

அதன் பிறகு அந்த வண்டியில் இழுப்பு என்ற பேச்சே வரவில்லை. கலியபெருமாள் இன்னமும் அதே ரூட்டில்தான் ஓட்டுகிறார். கூப்பிட்டால் இப்போதும் மச்சான் என்றுதான் பதில் வரும்.

அடுத்த வருஷம் பங்குனியில் அந்த வண்டி வழக்கமான சர்வீஸுக்கு வந்தது. அடியில் படுத்துப் போனேன். இடது பக்கத் தகட்டுக்கு வெளியே நாலைந்து உளுந்துத் தண்டு சுற்றியிருந்தது. ரோட்டில் போகிற போக்கில் தானாகச் சுற்றியதா, ஊர்க்கோடியில் ஒரு தபா ஸ்டியரிங் ஒடிந்ததா, தெரியாது. உள்ளே ஒரு நார்கூடப் போகவில்லை. தகடு தன் வேலையைச் செய்திருந்தது. அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும்போதுதான் பார்த்தேன். தகட்டில் அந்தத் தண்டைச் சுற்றி, புதிதாக ஒரு சாக்பீஸ் வட்டம் இருந்தது. பீட்டர் சார் எனக்கு முன்னாலேயே அடியில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

லைனரைப் பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. சக்கரத்தைச் சுற்றினேன். 'சர்' என்றது. அந்த ஒரு தடவை மட்டும் வட்டத்தை நானே அழித்தேன்.